புறம்போக்கில் பிறந்த ஆட்டம்

1

போன வருடம் ஆடி மாதம் வரை நான் ஒரு கோல்ஃப் கிளப்பின் உறுப்பினன். இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிறந்தது கனகம்மாசத்திரம், பள்ளிப் படிப்பு திருத்தணி, கவுன்சிலிங்கில் கிடைத்த ஒரு கல்லூரியில் பொறியியல், அதன்பின் பதின்மூன்று வருடமாக பெங்களூரில் சாப்ட்வேர். எங்கள் பரம்பரையில் கையில் கம்பு பிடித்தவர்கள் எல்லாம் மாடு ஓட்டத்தான் பிடித்தார்கள். பந்தடிக்கப் பிடித்த முதல் ஆள் நான்.

பதவி உயர்வோடு கம்பெனி அந்த மெம்பர்ஷிப்பைக் கொடுத்தது. பெங்களூருக்கு வெளியே, விமான நிலையம் தாண்டி, புதிதாகத் திறந்த கிளப். சுற்றிலும் வில்லாக்கள், நடுவில் பதினெட்டுக் குழி மைதானம். "உங்களை மாதிரி ஆளுங்க அங்க இருக்கணும். பெரிய டீல் எல்லாம் அங்கதான் முடியுது" என்றார் மேலதிகாரி. அந்த 'உங்களை மாதிரி ஆளுங்க' எனக்கு ஜிவ்வென்று ஏறியது. மறைப்பானேன்? இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகிற கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்பவன் நான்தான்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்ஃபைக் கிண்டல் செய்வது சுலபம். ஆடாதவர்கள் செய்வது இன்னும் சுலபம். 'பணக்காரன் குச்சியை வச்சிக்கினு புல்லு வெட்டறான்' என்று நானும் கல்லூரியில் சொல்லியிருக்கிறேன். ஆடிப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை. 46 கிராமுக்கு மேல் போகாத பந்து. 108 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே நானூறு ஐந்நூறு கஜம் காற்று, மேடு, மரம், மணல், நம்முடைய மனசு. முதல் இரண்டு மாதம் பத்து அடி அடித்தால் ஒன்பது அடி மண்ணைத்தான் பெயர்த்தது. பத்தாவது அடியில் பந்து ஏழாம் நம்பர் இரும்பின் நடுவில் படும். அப்போது கையில் ஒன்றுமே தெரியாது. ஒரு சத்தம் மட்டும் கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் பந்து ஆகாயத்தில் இருக்கும். அந்த ஒரு அடிக்காக மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து போவோம்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் கூடவே வர நடுவர் கிடையாது. தன் அடியைத் தானே எண்ண வேண்டும். புதருக்குள் யாரும் பார்க்காத இடத்தில் நம் கால் பட்டுப் பந்து நகர்ந்தாலும், வெளியே வந்து 'எனக்கு ஒரு அடி கூட்டிக்கோங்க' என்று நாமே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற மனிதர், ஒரு அடிக்காக முகம் சிவந்து அட்டையைத் திருத்தினார்.

தன் கணக்கில் ஒரு அடியைக்கூட மறைக்காத இவர்கள், அந்தப் புல்லின் கணக்கில் எத்தனை அடியை மறைக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

2

நைனாவை அங்கே அழைத்துப் போனது என் ஆசைதான். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலம் மாறியது, வாயில் இருக்கிற தெலுங்கு மாறவில்லை. நைனா ஐந்தாவது வரை படித்தவர். கொஞ்ச காலம் குத்தகைக்குப் பயிர், கொஞ்ச காலம் விசைத்தறி, அப்புறம் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வேலை. பெங்களூருக்கு வந்திருந்தபோது, 'உன் புள்ள எங்க ஆடறான் பாரு' என்று காட்ட நினைத்தேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. வரவேற்பில் இருந்த பையன் ஓசூர்க்காரன், தமிழ் பேசுவான். அவனுக்கே சங்கடமாக இருந்தது. "வேட்டி பிரச்சனை இல்ல சார், டிரெடிஷனல்தானே. செருப்புக்குத்தான் பின்னால பட்டை இல்ல. உள்ள விட்டா என்னைக் கேப்பாங்க."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் கூட ஆட இரண்டு பேர் காத்திருந்தார்கள், அதில் ஒருவர் வாடிக்கையாளர். 'நைனா, கொஞ்ச நேரம் இங்க உக்காரு' என்று செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்து பெஞ்சைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். ஒன்பது குழி ஆடினேன். இரண்டேகால் மணி நேரம். என் வாழ்க்கையில் நான் ஆடிய மோசமான ஆட்டம் அதுதான். அதுவே நியாயம்.

திரும்பி வந்தபோது நைனா பெஞ்சில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகையில், கோல்ஃப் பை தூக்கும் பையன்களோடு தெலுங்கில் பேசிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் கேட்டார்.

"இன்னா வேலைடா அந்தப் பசங்களுக்கு?"

"கேடி, நைனா. பை தூக்குவாங்க. பந்து எங்க போச்சுன்னு பாத்து சொல்லுவாங்க."

"கேடியா? இன்னா திருடினாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் மாட்டுவார்களே, அந்தக் கேடிதான் அவருக்குத் தெரியும். இது வேற இங்கிலீஷ் வார்த்தை என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுல ஒரு பையன் சொன்னான்டா. எட்டாவது குழியோ இன்னாவோ சொன்னான், அங்கதான் அவங்க தாத்தா ராகி போட்டுக்கினு இருந்தாராம். காசு குடுத்துதான் வாங்கனாங்களாம். அத்தயும் சொன்னான். இப்ப அதே நெலத்துல பை தூக்கறான். மாசச் சம்பளம் இல்லியாம். ஆடறவன் குடுக்கறதுதானாம்."

ஆறு மாதம் அந்த எட்டாவது குழியில் ஆடியிருக்கிறேன். பந்து எங்கே விழுந்தால் தண்ணீருக்குள் உருளும் என்று தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியும். என் பையை வாரம் இரண்டு முறை தூக்குகிறவனின் தாத்தா அங்கே என்ன விதைத்தார் என்று தெரியாது. வாசலில் உட்காரவைக்கப்பட்ட கிழவருக்கு இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

3

அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் படித்தேன். கிடைத்தது நான் எதிர்பார்க்காத செய்தி.

கோல்ஃப் பணக்காரர்கள் கண்டுபிடித்த ஆட்டம் கிடையாது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் பிறந்தது. 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் சேர்த்துத் தடை செய்தது. காரணம், ஜனங்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டிருந்தார்கள். சீமான்கள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு யாரும் ஊர் முழுக்கத் தடை போடமாட்டார்கள்.

ஆடிய இடம் எது? 'லிங்க்ஸ்' என்று இன்றும் சொல்கிறார்கள். கடலுக்கும் கழனிக்கும் நடுவே கிடக்கிற மணல்மேடு. உழ முடியாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊர்க்காரர்கள் துணி உலர்த்துவார்கள். வருவாய்த்துறை பாஷையில் சொன்னால் புறம்போக்கு. நாம் வசையாக்கி வைத்திருக்கும் அதே சொல்தான். எவனுக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் சொந்தமான நிலம். கோல்ஃப் புறம்போக்கில் பிறந்த ஆட்டம்.

இந்த ஆட்டத்தின் காசி என்று சொல்லத்தக்க ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். அதன் பழைய மைதானம் இன்றும் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. பொது நிலம், ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து போகிறவனும், ஓரளவு ஆடத் தெரிந்திருந்தால், கட்டணம் கட்டிக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய வீரர்கள் கோப்பைக்காகச் செத்துப் பிழைக்கிற அதே புல்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1829-இல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப். 1876-இல் பெங்களூர். கப்பலில் வந்தது பந்தும் குச்சியும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதாவது, ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் புறம்போக்கைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, அதற்குப் பதில் ஒரு காம்பவுண்டுச் சுவரைக் கட்டினார்கள். அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. சுவருக்கு நாம் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

4

சுவர் என்றால் செங்கல் மட்டுமில்லை. நான்கு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, குத்தகை. சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அந்த 160.86 ஏக்கரும் அரசு நிலம். 1945-இல் ரேஸ் கிளப்புக்கு 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 பைசா. வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு ஆண்டுக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. என் நைனா குத்தகைக்குப் பயிர் வைத்த காலத்தில், மழை பொய்த்த வருஷம்கூட நெல் மூட்டையாக அளந்து கொடுத்தார். நகரத்தின் நடுவில் குதிரை ஓட்டுகிறவர்களுக்கு ஏக்கர் நாலு ரூபாய். வாடகை பாக்கியாக 730 கோடி ரூபாயைக் கட்டச்சொல்லி 2023-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு சீல் வைத்தது. வழக்குகள் ஏறி இறங்கட்டும், நான் அதற்குள் போகவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஏழைக்கு ரேஷனில் அரிசி கொடுத்தால் 'இலவசத்தால் நாடு கெடுகிறது' என்று வாட்ஸாப்பில் கொதிக்கிற நண்பர்களே, இதற்கு என்ன பெயர்?

இரண்டு, உடை. 2014-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனதால் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை. அவ்வளவு பெரிய மனிதரை நிறுத்தியதால்தான் அந்த ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஆளைத் தடுத்தால் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. நீதிபதியை நிறுத்தாமல் ஒரு விவசாயியை நிறுத்தியிருந்தால் சட்டம் வந்திருக்குமா? 2017-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், தன் பாரம்பரிய உடையான ஜைன்செம் அணிந்து விருந்துக்கு வந்த மேகாலயாவின் காசிப் பெண் ஒருவரை, வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்து போகச் சொன்னார்கள். உடை என்பது ஒரு சாக்கு. வேட்டியைச் சட்டம் காப்பாற்றினால், சுவர் செருப்புக்கு இறங்கி வரும்.

மூன்று, பரிந்துரை. பழைய கிளப்புகளில் சேர ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், அப்புறம் கமிட்டி. காத்திருப்போர் பட்டியல் பத்தாண்டுக் கணக்கில் நீளும். உறுப்பினரின் பிள்ளைக்கு மட்டும் தனிவழி. தகப்பன் உள்ளே இருந்தால் மகன் உள்ளே. இந்த ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதியிலேயே 'வெள்ளையர் மட்டும்' என்று எழுதியிருந்தது, 1961 வரை. அகஸ்டா கிளப் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990-இல், முதல் பெண்களை 2012-இல். அவர்கள் எழுதி வைத்தார்கள், அதனால் அழிக்க முடிந்தது. நம் கிளப்புகள் எதையும் எழுதி வைப்பதில்லை.

நான்கு, இது எங்கள் வீட்டுக்குக் கிட்டே. எங்கள் பக்கம், அதாவது பழைய வட ஆற்காடு, கோலார் தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய சீமை. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தலித்துகள். மேலே வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு கிளப், ஒரு கோல்ஃப் மைதானம். அந்த மைதானத்தில் ஒரு விசேஷம். தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து பரப்பி, 'கிரீன்' என்பதற்குப் பதில் 'பிரவுன்' என்று பெயர் வைத்து ஆடினார்கள். 2001-இல் சுரங்கம் மூடியது. இந்தப் பிரவுனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் புல் இல்லாமலும் ஆடலாம் என்பதற்குச் சாட்சி அது.

5

இனி கேடிகள்.

என் வேலை ஆப் எழுதுவது. சாப்பாடு கொண்டுவருகிறவரை 'டெலிவரி பார்ட்னர்' என்று கூப்பிடும் உலகத்தில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. வேலை நம்முடையது, நேரம் நம்முடையது, விதி நம்முடையது, யூனிபார்ம் நம்முடையது. ஆனால் கால் உடைந்தால் மட்டும் அவர் சுயதொழில் செய்கிறவர். இதை ஏதோ சிலிக்கான் பள்ளத்தாக்கின் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோல்ஃப் கிளப்புகள் இதை நூறு வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டன. ஹாங்காங் ராயல் கோல்ஃப் கிளப்பில் வேலை பார்த்த ஒரு கேடி, தன்னை அநியாயமாக நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1990-களின் கடைசியில் வந்த தீர்ப்பு: அவர் கிளப்பின் ஊழியரே இல்லை. நம்பர் கொடுத்ததும் கிளப், யூனிபார்ம் கொடுத்ததும் கிளப், கூலியை நிர்ணயித்ததும் கிளப். இருந்தும் ஊழியர் இல்லை.

நம் ஊரில் பெரும்பாலான கேடிகளுக்கு மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. மழை பெய்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் கூலி இல்லை. நெற்றியில் பந்து பட்டால் உறுப்பினர்கள் சேர்ந்து ஏதாவது கொடுப்பார்கள். கொடுப்பதைப் பற்றி அப்புறம் ஒரு மாதம் பேசுவார்கள்.

திறமை இல்லாதவர்களா இவர்கள்? இந்தியன் ஓப்பனை 1991-இல் வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். 2009-இல் வென்ற முனியப்பா, பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற சௌரசியாவின் தகப்பனார், கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். பல கிளப்புகளில் திங்கட்கிழமை பராமரிப்புக்காக விடுமுறை. அன்று மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். ஏழு நாளில் ஒரு நாள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்ததற்கே இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். ஏழு நாளும் திறந்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கிளப் பாரில் ஒருவரிடம் கேட்டேன். "பிரதர், அப்புறம் அது கிளப்பா?" என்றார். நேர்மையான பதில். அவர் ஆட்டத்துக்காகச் சந்தா கட்டவில்லை, சுவருக்காகக் கட்டுகிறார்.

6

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடியாது. பொறியாளன், கணக்கோடு பேசுகிறேன். கோடையில் புல் பச்சையாக இருக்க ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு அது சுமார் 20,000 லிட்டர். பதினெட்டுக் குழி மைதானத்தில் 80 ஏக்கருக்குப் பாய்ச்சினால் நாளொன்றுக்கு 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 130 லாரிக்கு மேல். ஒரு நாளைக்கு.

'சுத்திகரித்த கழிவுநீர்தானே விடுகிறார்கள்' என்பார்கள். விடுகிற இடங்கள் உண்டு, நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கழிவுநீரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கிணற்று நீர். எனக்கு இது புத்தகச் சமாச்சாரம் இல்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்துதான் வருடக்கணக்காகச் சென்னைக்குத் தண்ணீர் வாங்குகிறார்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த என் நண்பர்களை 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், ஆபீஸில் தண்ணீர் இல்லை' என்று சொன்னார்கள். பூண்டி ஏரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அதன் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவன், புல்லுக்குப் பாயும் தண்ணீரை லிட்டரில்தான் பார்ப்பான்.

கோலாரில் மணலில் ஆடினார்கள். ஸ்காட்லாந்தில் மழை கொடுத்த புல்லில் ஆடினார்கள், கோடையில் அது பழுப்பாகிவிடும். தொலைக்காட்சியில் வருகிற மாதிரி வருடம் முழுக்க மரகதப் பச்சை வேண்டும் என்று ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அது வில்லா விளம்பரத்துக்குத் தேவை, பந்துக்குத் தேவையில்லை.

7

எதிர்வாதங்கள் வரும். வரட்டும்.

'தனியார் கிளப், தனியார் பணம், உனக்கென்ன?' தனியார் நிலத்தில் தனியார் காசில் சுவர் கட்டுகிறவர்களைச் சட்டப்படி நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் விமர்சிக்க உரிமை உண்டு. அரசு நிலத்தில் நாலு ரூபாய்க்கு இருப்பவர்கள் இந்த வாதத்தைத் தொடவே கூடாது.

'சத்திரம் என்று பெயர் வைத்த ஊர்க்காரன் பேசுகிறாய், உன் சத்திரத்தில் எல்லாரும் சமமாகவா படுத்தார்கள்?' இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் ஊர் சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது. வழிப்போக்கனுக்குத் திண்ணையும் சோறும் கொடுக்கிற சத்திரம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டித் திருப்பதிக்கு நடப்பவர்களுக்கு இன்றும் இந்தச் சாலையோரம் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறார்கள். 'நீ யார், உன்னை யார் முன்மொழிந்தார்' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்களில் எந்தச் சாதிக்கு எந்தப் பந்தி, யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. உண்மை. அந்தக் கணக்கை உடைக்க நூறு வருடம் ஆகியிருக்கிறது, இன்னும் முழுசாக உடையவில்லை. அப்படியிருக்க, உடைந்த செங்கலைப் பொறுக்கிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே புதுசாக ஒரு சுவர் கட்டி, அதற்குப் பிரீமியம் என்று பெயர் வைப்பவர்களை நான் என்ன சொல்வது?

'நாமும் உள்ளே போனால்தானே மாற்ற முடியும்?' இதுதான் நம் தலைமுறைக்குப் பிடித்த வாதம். நானும் இதைச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரி, முதல் தலைமுறை கார், முதல் தலைமுறை அப்பார்ட்மெண்ட். ஒவ்வொரு கதவாகத் தட்டி உள்ளே வந்தோம். அந்தக் களைப்பில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. திறந்த கதவைப் பார்த்தால் உள்ளே போவது, போனதும் சாத்திக்கொள்வது. நான் உள்ளே போய் எதை மாற்றினேன்? நைனாவைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். கிளப் என்னை மாற்ற எடுத்துக்கொண்டது ஆறே மாதம்.

நிர்வாகக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு கோரிக்கை. சுற்றியிருக்கிற கிராமத்து ஜனங்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுது மைதானத்தில் நடக்க அனுமதி. கேடிகளுக்கு இ.எஸ்.ஐ. 'தங்கள் ஆலோசனை உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி பதில் வந்தது. மூன்று மாதம் பொறுத்துவிட்டு விலகினேன். தியாகம் ஒன்றுமில்லை, பணம் கம்பெனியுடையது. வருடக் கடைசி மதிப்பீட்டில் 'நெட்வொர்க்கிங்' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் மார்க் குறைந்தது.

8

கோல்ஃபை ஒழி என்று நான் சொல்லவில்லை. சொல்கிற நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கிண்டியில் பூங்கா வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், மழைநீர்க் குளமும் வரட்டும். ஆனால் அந்த நிலம் என்றாவது மக்கள் கைக்கு முழுசாக வந்தால், அதில் ஒன்பது குழியை விட்டுவையுங்கள். சைதாப்பேட்டைப் பையன் நூறு ரூபாய் டிக்கெட் எடுத்து, வாடகைக் குச்சியில் ஆடட்டும். ஹாங்காங்கில் ஃபேன்லிங் மைதானத்தின் 172 ஹெக்டேரில் 32 ஹெக்டேரை 2023 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. வீடு கட்டத்தான் எடுத்தார்கள், அதுவரை ஜனங்கள் உள்ளே நடக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஹாங்காங் புரட்சிபூமி ஒன்றும் இல்லை. அங்கேயே முடிந்தது.

என் கோரிக்கைகள் எளியவை. அரசு நிலத்தில் இருக்கிற எந்த கோல்ஃப் மைதானமும் சந்தை வாடகை கட்ட வேண்டும், அல்லது தினக்கட்டணத்தில் எல்லாருக்கும் திறக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், செயின்ட் ஆண்ட்ரூஸ் போல, ஆட்டமே இல்லாமல் ஜனங்கள் நடக்க விட வேண்டும். கேடி ஊழியர்தான் என்று சட்டம் சொல்ல வேண்டும். கோடையில் புல் பழுப்பாகட்டும், ஆட்டம் செத்துவிடாது. இவ்வளவும் செய்தால் கிளப் கிளப்பாக இருக்காது என்றால், இருக்க வேண்டாம்.

கிளப்பை விட்டு வரும்போது, அந்த எட்டாவது குழிப் பையனிடமிருந்து பழைய ஏழாம் நம்பர் இரும்பு ஒன்றையும் ஒரு பை பழைய பந்துகளையும் வாங்கி வந்தேன். தண்ணீரில் விழும் பந்துகளை இறங்கி எடுத்து விற்பது அவர்களுக்குப் பக்க வருமானம். என்னுடைய பந்தும் சிலது அதில் இருந்திருக்கும்.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போனபோது ஏரி வறண்டு கிடந்தது. ஓரமெல்லாம் வேலிகாத்தான், நடுவில் வெடித்த வண்டல், ஆடுகள். சாயங்காலம் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டலிலிருந்து பந்தை எழுப்புவது கிரீனில் அடிப்பதைவிடக் கஷ்டம். ஐந்தாவது பந்து சரியாகப் பட்டது. அதே சத்தம். பந்து மேற்கே போய் எங்கோ விழுந்தது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"அண்ணா, இன்னாண்ணா இது? ஒரு வாட்டி குடுண்ணா."

வரிசை கட்டச் சொன்னேன், கட்டவில்லை. பத்து வயசுப் பெண் ஒருத்தி, அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள், நாலாவது ஆளாகப் பிடித்தாள். முதல் இரண்டு அடி மண். மூன்றாவது அடியில் பந்து போன தூரத்தைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள். தேடிப்போக இரண்டு பேர் வேலிகாத்தானுக்குள் நுழைந்தார்கள். நைனா கரைமேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அதே ரப்பர் செருப்போடு உள்ளே இறங்கி வந்தார்.

"எங்க, என்கிட்ட குடு பாக்கலாம்."